அரசாங்கம் தரும் நம்பிக்கையை எவ்வளவு நம்பலாம்?

வவுனியாவில் சிறியதாக ஒரு பேக்கரி நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"2021 கடைசியில், ரூபாவுக்கு ஒன்றும் ஆகாது, கடனெல்லாம் ஒழுங்காகக் கட்டுவோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அதை நம்பி, கையிலிருந்த 10 இலட்சத்தை 7 சதவீதத்துக்கு ஒரு வருட நிலையான வைப்பில் போட்டேன். டொரன்டோவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசையும் வங்கி வழியாகவே எடுத்தேன். அப்புறம் மாவுக்கும் காஸுக்கும் அலைந்தபோது அந்தக் காசு எதற்கும் போதாமல் போனது. இப்போது பொருளாதாரம் வளர்கிறது, பணவீக்கம் அடங்கிவிட்டது என்கிறார்கள். புதிதாக ஒரு மின் போறணை வாங்கக் கடன் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் பேச்சை நம்பலாமா? அரசாங்கம் இப்படி நல்லதாகவே பேசிக்கொண்டிருப்பது எங்களுக்கு நன்மையா, தீமையா?"

சகோதரி, அரசாங்கம் நம்பிக்கையாகப் பேசுவதில் பிழை இல்லை. சொன்னதை நடத்திக்காட்டும் வழி பேசுகிறவரின் கையில் இருந்தால், அந்தப் பேச்சே பாதி வேலையைச் செய்துவிடும். வழி இல்லாமல் பேசினால், நம்பியவர்களின் காசு நம்பாதவர்களின் கைக்குப் போய்ச் சேரும். 2021-22 இல் உங்களுக்கு நடந்தது இரண்டாவது. அது உங்கள் அறியாமையால் நடந்தது அல்ல. பொறுப்பில் இருந்தவர்கள் சொன்னதை ஒரு குடிமகள் நம்பினார், அவ்வளவுதான்.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2019 முடிவில் இலங்கையின் வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது நாட்டின் கையிருப்பில் இருக்கும் வெளிநாட்டு நாணயம், ஏறக்குறைய 7.6 பில்லியன் டொலர். அந்த டிசெம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அடுத்த வருடம் கொவிட் வந்து சுற்றுலா வருமானம் நின்றது. சர்வதேச சந்தையில் புதிதாகக் கடன் எடுக்கும் வழியும் அடைபட்டது. 2021 நவம்பர் முடிவில் ஒதுக்கு 1.6 பில்லியனுக்கு இறங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் ரூபா நிலையாக இருக்கும், கடன் கட்டப்படும், சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தேவையில்லை என்ற பேச்சு உச்சத்தில் இருந்தது. நாடுகள் கடனைக் கட்டுமா என்று மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையின் தரத்தைக் குறைத்தபோதெல்லாம் மத்திய வங்கி அறிக்கை விட்டு மறுத்தது.

டிசெம்பர் முடிவில் ஒதுக்கு திடீரென்று 3.1 பில்லியனாக உயர்ந்ததாக அறிவித்தார்கள். எண் பொய்யில்லை. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, சீன மத்திய வங்கியுடன் செய்த நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் கணக்குக்கு வந்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு கையில் இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிபந்தனை இருந்ததைப் பின்னர்தான் நாடு அறிந்தது. 2022 ஜனவரி 18 ஆம் திகதி 500 மில்லியன் டொலர் முறிக் கடனை (கடன் பத்திரம் விற்று வாங்கிய கடனை) முழுதாகக் கட்டினார்கள். கட்டிவிட்டோம் என்ற அறிவிப்பு சாதனைபோல வந்தது. மார்ச் 7 ஆம் திகதி, அதுவரை பிடித்துவைத்திருந்த ரூபாவைத் தளரவிட்டார்கள். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசாங்கமே அறிவித்தது. செலவழிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். 7.6 பில்லியன் இருந்த இடத்தில் 50 மில்லியன்.

இனி உங்கள் 10 இலட்சத்துக்கு வருவோம். 2022 டிசெம்பரில் வட்டியோடு 10 இலட்சத்து 70 ஆயிரம் கையில் வந்திருக்கும். அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 57.2 சதவீதம். 2021 டிசெம்பரில் 10 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதாக இருந்த சாமானுக்கு 2022 டிசெம்பரில் 15 இலட்சத்து 72 ஆயிரம் வேண்டும். உங்கள் சேமிப்பின் வாங்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வங்கி உங்களுக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை, புத்தகத்தில் எல்லாம் சரி. இதனால்தான் இந்த இழப்பைப் பற்றி எங்கே முறையிடுவது என்றுகூட மக்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பங்கு யாரிடம் போனது? ரூபாவில் கடன் வாங்கி டொலரோ காணியோ தங்கமோ வைத்திருந்தவர்களிடம். பேச்சை நம்பாமல் இறக்குமதிச் சாமானை முன்கூட்டியே வாங்கி அடுக்கியவர்களிடம். எல்லோரையும் விடப் பெரிதாக, அரசாங்கத்திடம். நாட்டிலேயே ஆகப் பெரிய ரூபாக் கடனாளி அரசாங்கம்தான். பணவீக்கம் ஏறும்போது அது கட்டவேண்டிய கடனின் உண்மையான பாரம் குறைகிறது. ஊழியர் சேமலாப நிதி 2022 க்கு அங்கத்தவர்களுக்குக் கொடுத்தது 9 சதவீதம். அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்க முறிகளில் இருக்கிறது. உழைத்துச் சேர்த்தவர்களின் இழப்பில் கடன்காரருக்குப் பாரம் குறைந்தது. "ரூபா பாதுகாப்பாக இருக்கிறது" என்று சொன்னவரே ரூபாவில் கடன் வாங்கியவராகவும் இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

உங்கள் அண்ணாவின் காசு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலரை 200 - 203 ரூபாவில் பிடித்துவைத்தார்கள். வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்தார். டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை தருகிறோம் என்று சொல்லியும் பலன் இல்லை. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணவனுப்பல் 2021 இல் 5.5 பில்லியனாகவும் 2022 இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்ட நேரத்தில், "200 ரூபாதான் சரியான விலை" என்ற பிடிவாதமே டொலரை வெளியே தள்ளியது. சட்டப்படி வங்கியில் போட்டவர்கள் 100 டொலருக்கு 20 ஆயிரம் எடுத்தார்கள். 2022 மே நடுப்பகுதியில் அதே வங்கியில் அதே 100 டொலர் 36 ஆயிரம். நேர்மையாக நடந்தவருக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை நேர்மையாக நடக்கும்படி அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? பொய் நம்பிக்கையின் ஆகப் பெரிய கேடு இது என்பது என் கருத்து. பின்னால் வருகிறவர்கள் உண்மை சொன்னாலும் எடுபடாது.

சரி, அப்படியானால் அரசாங்கம் பயத்தைத்தான் பேசவேண்டுமா? இல்லை. மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். பொருளாதாரத்தில் பயம் தானாகவே உண்மையாகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வங்கிகூட, அது விழப்போகிறது என்று எல்லோரும் ஒரே நாளில் காசெடுக்கப் போனால் விழுந்துவிடும், ஏனென்றால் வைப்பில் வந்த காசைக் கடனாகக் கொடுத்திருப்பார்கள். ஆகையால் நெருக்கடியில் ஒரு மத்திய வங்கி ஆளுநர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. நிலைமை மோசம் என்று அவர் யோசனையில்லாமல் சொன்னாலும் மக்களுக்குத்தான் அடி.

இந்த இடத்தில் அமெரிக்காவின் 1933 ஐப் பார்க்கலாம். மூன்று வருடத்துக்கு முன், 1930 மே மாதம், மோசமான கட்டம் தாண்டிவிட்டது என்று ஜனாதிபதி ஹூவர் நம்பிக்கை தெரிவித்திருந்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933 மார்ச் 4 ஆம் திகதி பதவியேற்ற ரூஸ்வெல்ட், இரண்டு நாளில் நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்தார். 9 ஆம் திகதி அவசரச் சட்டம் நிறைவேறியது. 12 ஆம் திகதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார். வங்கி எப்படி வேலை செய்கிறது, காசு எங்கே இருக்கிறது, எந்த வங்கிகள் எந்த நாளில் திறக்கும், யார் பரிசோதித்துத் திறப்பார்கள் என்று சாதாரண ஆட்களுக்கு விளங்கும்படி சொன்னார். எல்லா வங்கியும் திறக்கும் என்றோ யாருக்கும் நட்டம் வராது என்றோ வாக்குக் கொடுக்கமாட்டேன் என்பதையும் அதே பேச்சில் சொன்னார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது, வீட்டில் ஒளித்துவைத்த காசைத் திரும்பவும் வைப்பிடுவதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ஹூவரும் ரூஸ்வெல்டும் இருவருமே நம்பிக்கையைத்தான் பேசினார்கள். ஹூவரின் பேச்சுக்குப் பின்னால் நம்பும்படி ஒரு ஏற்பாடு இல்லை. ரூஸ்வெல்டின் பேச்சுக்கு முன்னாலேயே சட்டம் வந்துவிட்டது, பரிசோதனை ஏற்பாடு இருந்தது, திகதி இருந்தது, எல்லை எது என்ற ஒப்புதலும் இருந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2022 ஏப்ரல் 7 ஆம் திகதி புதிய ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க, மறுநாளே கொள்கை வட்டி வீதங்களை (வங்கிகளுக்கு மத்திய வங்கி வைக்கும் வட்டியை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். கடன் எடுத்திருந்த சிறு வியாபாரிகள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல, அதை நான் மறைக்கமாட்டேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 இறுதிக்குள் இது ஒற்றை இலக்கத்துக்கு வரும் என்று மத்திய வங்கி சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 2023 ஜூலையிலேயே 6.3 ஆக இறங்கியது. இதுவும் நம்பிக்கைப் பேச்சுத்தான். ஆனால் எண் இருந்தது, காலம் இருந்தது, அதற்காக எடுத்த கசப்பான நடவடிக்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கெட்ட செய்தியை வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் பதறிவிடுவார்கள் என்று அதிகாரிகள் எப்போதும் சொல்வார்கள். 2022 மே 16 ஆம் திகதி, பிரதமராகி நான்கு நாளே ஆன ரணில் விக்கிரமசிங்க, பெற்றோல் ஒரு நாளைக்குத்தான் இருக்கிறது, வரப்போகும் மாதங்கள் வாழ்க்கையிலேயே மிகக் கடினமானவையாக இருக்கும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அந்தப் பேச்சால் வரிசை உருவாகவில்லை. வரிசைகள் அதற்கு முன்பே பல மாதங்களாக இருந்தன. வரிசையைக் குறைத்தது ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிட நாடு முழுக்க வந்த கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. அது மிகக் குறைவான அளவு. ஆனாலும் இவ்வளவுதான், இது நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்ததும் ஆட்கள் அதற்கேற்ப வேலையைத் திட்டமிட்டார்கள். மக்கள் தட்டுப்பாட்டைத் தாங்குவார்கள், என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கமாட்டார்கள் என்று அந்த மாதங்களில் கண்ணால் பார்த்தோம்.

இப்போது சொல்லப்படும் நல்ல செய்திகளுக்கு வருகிறேன். இவை 2021 இன் பேச்சைப் போன்றவை அல்ல. பெரும்பாலும் உண்மை. ஆனால் உண்மையின் ஒரு துண்டுதான் தலைப்பில் வருகிறது.

பணவீக்கம் அடங்கிவிட்டது என்றால் விலை இறங்கிவிட்டது என்று பொருளில்லை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த சாமான்கூடை 2022 செப்டெம்பரில் கிட்டத்தட்ட 170 ரூபா. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம் என்று மகிழ்ச்சியாக அறிவித்தார்கள். அப்போது அதே கூடை 172. ஏறுவது நின்றது, ஏறிய விலை இறங்கவில்லை. 2024 கடைசியிலிருந்து சில மாதங்கள் சுட்டெண் உண்மையாகவே சற்றுக் கீழே போனது, பெரும்பாலும் மின்கட்டணமும் எரிபொருளும் குறைந்ததால். என்றாலும் 100 ரூபா என்ற பழைய இடத்துக்கு யாரும் திரும்பவில்லை. உங்கள் வாடிக்கையாளர் பாணையும் பணிஸையும் எண்ணி வாங்குவதற்குக் காரணம் இதுதான். அவரது சம்பளம் அந்த 70 சதவீதத்தை எட்டிப்பிடித்ததா என்பதுதான் உங்கள் வியாபாரத்தைத் தீர்மானிக்கிறது.

வளர்ச்சியும் அப்படித்தான். 2024 இல் 5 சதவீத வளர்ச்சி என்பது உண்மை. ஆனால் 2022 இல் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023 இல் இன்னும் 2.3 சதவீதம். 2021 இல் 100 என்று வைத்தால், 92.7, பிறகு 90.6, 2024 இல் 95.1. நல்ல செய்திதான், ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நின்ற இடத்துக்குக்கூட அப்போது வந்து சேரவில்லை. 2021 க்கும் 2022 க்கும் இடையில் வறுமை வீதம் 13.1 இலிருந்து 25 ஆகிவிட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு வளர்ச்சி வீதம் போய்ச் சேரக் காலம் எடுக்கும்.

எது மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் சந்தேகத்திலேயே உட்கார்ந்திருப்பதும் நட்டம்தான். 2023 இல் வந்த மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கம் திறைசேரி உண்டியல்களை (குறுகிய காலக் கடன் பத்திரங்களை) நேரடியாக மத்திய வங்கியிடம் விற்றுக் காசெடுப்பதைத் தடுக்கிறது. பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்கவேண்டும். இலக்குக்குக் கீழே போனபோதும் விளக்கம் கொடுத்தார்கள். 2023 நவம்பர் 14 ஆம் திகதி, நெருக்கடிக் காலத்தில் பொறுப்பில் இருந்த கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ மூவரும், முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மூன்றில் ஒரு பங்கு அதனால் திரும்பி வராது. ஆனால் வாய்க்கு வந்த உறுதிமொழிக்கும் ஒரு நாள் கணக்குக் கேட்கப்படும் என்பது பதவியில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த முறை ஒரு நல்ல அறிவிப்பைக் கேட்கும்போது, அதில் எண்ணும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். "நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பதைப் பிழை என்று யாராலும் நிரூபிக்கமுடியாது, ஆகவே அதற்குப் பெறுமதியும் இல்லை. அப்புறம், பேச்சு ஒரு பக்கமும் செயல் மறுபக்கமும் போகிறதா என்று கவனியுங்கள். டொலர் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறக்குமதித் தடையை நீட்டினால், தடையைத்தான் நம்பவேண்டும். 2021 ஓகஸ்ட் முடிவில் உணவுப் பொருள் விநியோகத்துக்காக அவசரகால விதிகள் வந்தன. அன்றைக்கு எல்லாப் பேச்சையும் விட அந்த வர்த்தமானிதான் உண்மையைச் சொன்னது.

இரண்டு எண்களை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்று, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் மத்திய வங்கி வெளியிடும் ஒதுக்கு. மொத்தத் தொகையைவிட, சீனப் பரிமாற்றத்தைத் தவிர்த்து எவ்வளவு என்பது முக்கியம். மற்றது, வங்கி கொடுக்கும் டொலர் விலைக்கும் வெளியே பேசப்படும் விலைக்கும் உள்ள இடைவெளி. இரண்டும் ஒட்டி நடந்தால் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. இடைவெளி வாராவாரம் விரிந்தால், தொலைக்காட்சியில் யார் என்ன சொன்னாலும் அது வெப்பமானி காட்டும் காய்ச்சல்.

போறணைக்கு வருவோம். நாட்டின் வளர்ச்சி வீதத்தைப் பார்த்துக் கடன் எடுக்கவேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் விற்பனை எத்தனை, ரூபாவில் மட்டும் பார்க்காமல் எத்தனை பாண், எத்தனை பணிஸ் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறது, இருக்கும் போறணை போதவில்லை என்றால் கடனுக்கு நியாயம் உண்டு. விலை ஏறியதால் மட்டும் வரவு கூடியிருந்தால் பொறுங்கள். எடுத்தால், தவணை முழுவதற்கும் மாறாத வட்டி கேளுங்கள், அரைச் சதவீதம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. 2021 கடைசியில் 8 சதவீதத்தை ஒட்டியிருந்த வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் (பெரிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 2022 கடைசியில் 27 ஐத் தாண்டியது. மாறும் வட்டியில் எடுத்தவர்களின் தவணை என்ன ஆனது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாலே சொல்லுவார். விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தவணையைக் கட்டமுடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் சிறிய போறணை போதும், அல்லது பாவித்த போறணை ஒன்றைத் தேடலாம்.

சேமிப்பை ஒரே தவணையில் பூட்டாதீர்கள். 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம் என்று பிரித்துப் போட்டால் வட்டி ஏறும்போது ஒரு பகுதியாவது கைக்கு வரும். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கியில் வையுங்கள், நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் காப்புறுதி வங்கி விழுந்தால்தான் உதவும், விலை ஏறினால் உதவாது.

அண்ணா அனுப்பும் காசை வங்கி வழியாகவே தொடர்ந்து எடுங்கள். உண்டியல் சட்டவிரோதம், காசு வராமல் போனால் கேட்க ஆளில்லை. ஆனால் வந்த உடனே எல்லாவற்றையும் ரூபாவாக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, மிச்சத்தைக் கனடிய டொலராகவோ அமெரிக்க டொலராகவோ வைத்திருக்கலாம். 2028 முதல் நாடு கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடன் தவணைகள் கூடும். அதற்கு முன் அந்தக் கணக்கில் பேக்கரியின் மூன்று மாதச் செலவுக்கான தொகை சேர்ந்திருந்தால் நல்லது. அடுத்த முறை அண்ணாவோடு பேசும்போது, காசை ரூபாவாக மாற்றாமல் அந்தக் கணக்குக்கே நேரே போடமுடியுமா என்று அவரது வங்கியில் விசாரிக்கச் சொல்லுங்கள்.